22 எழுத்து ஆர்.என்.ஏ: புற்றுநோய் செல்லைச் சாகவிடாத குட்டித் துண்டு!

[திரையில்: பிரிந்து பெருகும் மார்பகப் புற்றுநோய் செல்கள்]

வணக்கம் மக்களே! நம் செல்களில் பிடிசிடி4 என்று ஒரு புரதம் இருக்கிறது. கட்டி வளராமல் தடுப்பதும், கெட்டுப்போன செல் சாகத் துணைபோவதும் அதன் வேலை. மார்பகப் புற்றுநோய்க் கட்டிகளில் அதை அடக்கி வைப்பது எது தெரியுமா? மிர்-21 என்ற, வெறும் 22 எழுத்து நீளமுள்ள ஆர்.என்.ஏ துண்டு. இந்த மாதிரிக் குட்டித் துண்டுகளுக்கு மைக்ரோ ஆர்.என்.ஏ என்று பெயர்.

பின்னணியை வேகமாக முடித்துவிடலாம், தூங்கிவிடாதீர்கள். நம் டி.என்.ஏ-வில் சுமார் 300 கோடி எழுத்துகள். புரதம் செய்யும் குறிப்பு அதில் 2 சதவீதம்கூட இல்லை. மீதியிலிருந்தும் ஏராளமான ஆர்.என்.ஏ படியெடுக்கப்படுகிறது, ஆனால் அது புரதமாக மாறாது. ஒரு காலத்தில் இதையெல்லாம் குப்பை என்றே ஒதுக்கினார்கள். அவசரப்பட்ட பேச்சு அது!

[திரையில்: மைட்டோகாண்ட்ரியா கசியும் அனிமேஷன்]

செல் எப்படிச் சாகிறது? டி.என்.ஏ பலமாகச் சேதமானால் பி53 புரதம் விழித்துக்கொள்ளும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து சைட்டோகுரோம் சி என்ற புரதம் கசியும். உடனே கேஸ்பேஸ் நொதிகள் கிளம்பி, செல்லை உள்ளிருந்தே நறுக்கும். மிச்சத்தை அக்கம்பக்கத்து செல்கள் விழுங்கிவிடும். சத்தமே இல்லாத சாவு.

மிர்-21 இங்கேதான் குறுக்கே வருகிறது. பிடிசிடி4 செய்யும் குறிப்பை டி.என்.ஏ-விலிருந்து ஏந்திவரும் தூது ஆர்.என்.ஏ-வின் வால்பகுதியில் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவுதான், புரத உற்பத்தி படுத்துவிடும். எம்சிஎஃப்-7 என்ற மார்பகப் புற்றுநோய் செல்களில் மிர்-21-ஐத் தடுத்துப் பார்த்தார்கள். செல் சாவு கூடியது. இதில் எனக்குப் பிடித்த விஷயம், எம்சிஎஃப்-7 செல்களில் கேஸ்பேஸ்-3 கிடையவே கிடையாது. முக்கியமான கத்தியே இல்லை, இருந்தும் வேறு வழியில் சாகின்றன!

சரி, இப்போது ஒரு புழு. சி. எலிகன்ஸ், நீளம் 1 மில்லிமீட்டர். அதன் இருபால் வகைப் புழு (ஆண், பெண் இரண்டும் ஒன்றே) வளரும்போது 1090 உடல் செல்கள் பிறக்கின்றன, அதில் 131 செத்தே தீரும். அந்த வகையில் எந்தப் புழுவை எடுத்தாலும் அதே 131! இந்தச் சாவுக்குப் பின்னால் இருக்கும் மரபணுக்களைத் தேடிப் பிடித்தவர் ராபர்ட் ஹார்விட்ஸ். 2002-ல் சிட்னி பிரென்னர், ஜான் சல்ஸ்டன் இருவரோடு நோபல் வாங்கினார். அவருடைய ஆய்வகத்தில் பயின்றவர்கள்தான் விக்டர் ஆம்ப்ரோஸும் கேரி ருவ்குனும். இதே புழுவில் மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கண்டுபிடித்து 1993-ல் வெளியிட்டார்கள், 2024-ல் அவர்களுக்கும் நோபல். செல் சாவு, மைக்ரோ ஆர்.என்.ஏ இரண்டுமே ஒரே புழுவிலிருந்து! இதற்காவது ஒரு லைக் போடுங்கள்.

புரதமாக மாறாத இந்தக் குறியீடற்ற ஆர்.என்.ஏ எல்லாமே வில்லன் இல்லை. காஸ்5 நீளமான ரகம், நம்ம கட்சி. ஸ்டீராய்டு ஹார்மோனைப் பிடிக்கும் ஏற்பிகள் டி.என்.ஏ-வில் குறிப்பிட்ட இடத்தில் உட்கார்ந்து, செல்லைப் பிழைக்கவைக்கும் மரபணுக்களை இயக்கும். காஸ்5 அந்த இடத்தைப் போலவே தன்னை மடித்துக்கொண்டு, போலி நாற்காலி போட்டு ஏற்பியை உட்காரவைத்துவிடும். உண்மையான இடம் காலி! மார்பகப் புற்றுநோயில் காஸ்5 அளவு குறைந்திருப்பதைப் பார்த்திருக்கிறார்கள். ஹாட்டேர் என்ற இன்னொரு நீளமான ஆர்.என்.ஏ பற்றிக் கேட்பீர்கள். அது நோய் பரவுவதில் பேர்போனது, தனி வீடியோவாகவே போடுகிறேன்.

[திரையில்: கொழுப்புக் குமிழிக்குள் ஆர்.என்.ஏ]

அப்படியானால் மருந்தாக்கலாமே? முயன்றார்கள். பி53-க்குக் கைகொடுக்கும் மிர்-34ஏ என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ-வைக் கொழுப்புக் குமிழியில் அடைத்து, எம்ஆர்எக்ஸ்34 என்ற பெயரில் பலவகைப் புற்றுநோயாளிகளுக்குச் செலுத்தினார்கள். நோயெதிர்ப்பு மண்டலம் கடுமையாகச் சீறியதால் 2016-ல் சோதனை நின்றது. என் கணிப்பில் ஆர்.என்.ஏ-வைவிட, அதைக் கட்டிக்குள் கொண்டுசேர்ப்பதுதான் பெரிய தலைவலி. எனவே "ஆர்.என்.ஏ மாத்திரை" என்று யாராவது இணையத்தில் விற்றால் காசைக் கொடுத்து ஏமாறாதீர்கள். சிகிச்சையைப் பற்றி உங்கள் புற்றுநோய் மருத்துவரிடமே கேளுங்கள்.