14 அடிச் சுவரும் பூட்டிய மைதானமும்

விழாத் தலைவர் அவர்களே, எப்போது அழைத்தாலும் மறுக்காமல் வரும் தலைமையாசிரியர் அம்மா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் கல்விக்குழு உறுப்பினர்களே, இந்தப் பிள்ளைகளோடு தினமும் வெயிலில் நிற்கும் உடற்கல்வி ஆசிரியர்களே, பெற்றோர்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் ஒதுக்கிய செயலாளருக்குத் தனியாக ஒரு நன்றி.

மூன்று விஷயங்கள் பேச வந்தேன். ஒரு சுவர் எப்படி வளர்ந்தது, அதில் யார் ஏறினார்கள், தொலைக்காட்சி அதனால் எப்படி மாறியது. அடி மேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். மூன்றுக்கும் இது பொருந்தும்.

ஜப்பானில் 1997-ல் 'சசுகே' என்ற தடைதாண்டும் போட்டி தொலைக்காட்சியில் தொடங்கியது. 2000-ல் அதில் ஒரு வளைந்த சுவரைச் சேர்த்தார்கள். கீழே சரிவாகத் தொடங்கி, போகப்போக நிமிர்ந்து, உச்சியில் செங்குத்தாக நிற்கும். நடுவில் பிடிக்க ஒன்றும் கிடையாது. ஓடி வந்த வேகம் தீர்வதற்குள் கை விளிம்பைத் தொட வேண்டும், இல்லையென்றால் வழுக்கிக் கீழே வந்துவிட வேண்டியதுதான். அதுவும் மற்ற தடைகளில் கால் ஓய்ந்த பிறகு!

அமெரிக்காவில் இதே போட்டி 'அமெரிக்கன் நிஞ்ஜா வாரியர்' ஆனது. அங்கே சுவர் 14 அடி. 2014-ல் டல்லாஸ் சுற்றுக்கு கேசி கட்டன்சாரோ வந்தார். முன்னாள் ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனை, உயரம் வெறும் 5 அடி. சுவரோ அவரைப் போல் கிட்டத்தட்ட மூன்று மடங்கு! அந்தப் போட்டியில் அதுவரை எந்தப் பெண்ணும் அதில் ஏறியதில்லை. ஓடினார், தாவினார், விரல் நுனி விளிம்பில் பட்டது, உடம்பை இழுத்து மேலே போய்விட்டார். கூட்டம் எழுந்து நின்றது. அதோடு விட்டாரா? டல்லாஸ் இறுதிச் சுற்றில் மறுபடி அந்தச் சுவரில் ஏறி, மீதித் தடைகளையும் கடந்து முடித்தார். கிட்டத்தட்ட 9 நிமிடம், ஒரு தடையிலும் விழவில்லை. அம்மி நகர்ந்தது, பெரியோர்களே!

அப்புறம் 2016-ல் சுவர் பதினான்கரை அடி ஆனது. 2018-ல் பக்கத்திலேயே 18 அடிச் சுவர், ஏறினால் 10,000 டாலர். ஏன் உயர்த்திக்கொண்டே போனார்கள்? பழைய உயரம் பலருக்குப் பழகிவிட்டது. அதே மாதிரிச் சுவரை உடற்பயிற்சிக் கூடங்களிலும் வீட்டுக் கொல்லையிலும் கட்டிப் பயிற்சி எடுத்தார்கள். அவர்களுக்கு அடி மேல் அடி அடிக்க ஓர் இடம் இருந்தது.

நம் பிள்ளைகளுக்கு அந்த இடம் எங்கே? நான் வருடக்கணக்காகக் கேட்பது இதைத்தான். மணி அடித்ததும் பள்ளி மைதானத்தைப் பூட்டிவிடுகிறோம். விடுமுறை நாளிலும் பூட்டுதான். 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில், ஐந்து விளையாட்டுகள் சேர்ந்த நவீன பென்டத்லானில் குதிரையேற்றத்தை எடுத்துவிட்டுத் தடைதாண்டும் ஓட்டத்தை வைக்கிறார்கள். குதிரை வாங்க நம்மால் முடியாது, சரி. ஒரு சாய்வுப் பலகையும் நாலு கம்பியும் நட முடியாதா? முதலில் கதவைத் திறக்க முடியாதா?

தொலைக்காட்சி பற்றிச் சொல்ல நேரமில்லை, தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். மாலை 7 மணி வரை மைதானங்களைத் திறந்து வைக்கக் கோரும் மனு வாசல் மேசையில் இருக்கிறது. கல்விக்குழு உறுப்பினர்கள் முதல் கையெழுத்தைப் போட்டுத் தொடங்கி வைக்க வேண்டும் என்று பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வணக்கம்.