23 சதவீதம் அதிகமா?

வணக்கம் நண்பர்களே. இந்த வாரம் ஒரு தங்கை எனக்குச் செய்தி அனுப்பியிருந்தார். பல்கலைக்கழக அணியில் வாலிபால் ஆடுகிறவர். உடல் கொழுப்பு அளந்தார்களாம், 23 சதவீதம் வந்ததாம். அதே நாளில் நெடுந்தூரம் ஓடும் ஒரு பையனுக்கு 9. "அக்கா, நான் எவ்வளவு குறைக்கணும்?" என்று கேட்டிருக்கிறார். படித்ததும் மனசு கனத்துவிட்டது. பல்கலைக்கழகத்தில் ஓடிக்கொண்டிருந்தபோது நானும் இதையேதான் கேட்டேன்.

தங்கச்சி, அந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கவே கூடாது. உடல் இயங்குவதற்கே ஆணுக்குச் சுமார் 3 சதவீதம் கொழுப்பு வேண்டும். பெண்ணுக்கு அது சுமார் 12. ஹார்மோன், மாதவிடாய் எல்லாம் அதை நம்பித்தான் நடக்கின்றன. ஆரம்பப் புள்ளியே வேறு.

அப்புறம் விளையாட்டு. ஓடுகிறவர் தன் எடையை ஒவ்வொரு அடியிலும் தூக்கிச் சுமக்கிறார், அதனால் மெலிந்த உடல் உதவுகிறது. குண்டு எறிபவருக்கோ உடல் எடையே பலம். நீச்சலில் தண்ணீர் தாங்கிக்கொள்கிறது, கொஞ்சம் கொழுப்பு மிதக்கவும் உதவும். எலும்பைப் பார்த்தால் கதை இன்னும் சுவாரசியம். குதித்துக் குதித்து இறங்கும் வாலிபால், ஜிம்னாஸ்டிக்ஸ் வீராங்கனைகளுக்கு எலும்பு அடர்த்தி நன்றாக இருக்கும். நீச்சல்காரர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும், தரையில் இறங்கும்போது எலும்பைப் பலமாக்கும் அந்த அதிர்வு கிடைப்பதில்லை. பல வருஷம் டென்னிஸ் ஆடியவரின் மட்டை பிடிக்கும் கையில் எலும்பே தடிமனாக இருக்கும். ஒரே ஆள், இரண்டு கை, இரண்டு அளவு!

பிஎம்ஐ இதில் எதையும் காட்டாது. எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்கிற கணக்கு அது. தசையா கொழுப்பா என்று அதற்குத் தெரியாது.

சரி, எப்படி அளந்தார்கள்? இதோ, என் கையில் இருப்பது காலிப்பர், தோல் மடிப்பின் தடிமனை அளக்கும் கவ்வி. தோழி ஒருத்தியின் தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில், கையின் பின்பக்கம், தோலையும் கொழுப்பையும் சேர்த்துத் தசையிலிருந்து விலக்கிப் பிடிக்கிறேன். விரலுக்குச் சற்றுக் கீழே கவ்வ விட்டு, இரண்டு வினாடி பொறுத்து, பார்க்கிறேன்... 16 மில்லிமீட்டர். விட்டுவிட்டு மறுபடி... 17. பார்த்தீர்களா? என் விரல் கொஞ்சம் நகர்ந்ததற்கே இவ்வளவு வித்தியாசம். ஏறி நிற்கிற மின்சாரக் கருவி உடலில் இருக்கும் தண்ணீரை வைத்துக் கணக்குப் போடுகிறது, பயிற்சி முடித்து வியர்வையோடு ஏறினால் எண் மாறும். எக்ஸ்-ரே கொண்டு அளக்கும் டெக்ஸா ஸ்கேன் இன்னும் நம்பகமானது, ஆனால் அதிலும் ஓரிரண்டு புள்ளி பிசகலாம். ஒரே கருவி, காலை, வெறும் வயிறு என்று அளந்து உங்கள் பழைய எண்ணோடு ஒப்பிட்டால்தான் ஏதாவது அர்த்தம் இருக்கும்.

எங்கள் காலத்தில் உடை மாற்றும் அறைச் சுவரில் எல்லோருடைய சதவீதத்தையும் ஒட்டினார்கள். கொழுப்பு அதிகம் என்று என் பெயர் கடைசியில் இருந்தது. இரவுச் சாப்பாட்டை நிறுத்தினேன். ஐந்து மாதம் மாதவிடாய் வரவில்லை, ஓட்டம் லேசாகிவிட்டது என்று சந்தோஷப்பட்டேன். அப்புறம் முழங்காலுக்குக் கீழே எலும்பில் விரிசல். அந்த சீசனே போயிற்று.

செலவாகும் சக்திக்கு ஏற்பச் சாப்பிடாததால் வரும் இந்தக் கோளாறுக்கு 2014-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி ரெட்-எஸ் என்று பெயர் வைத்தது. ஆண்களுக்கும் வரும். 1997-இன் கடைசியில் அமெரிக்கக் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர் எடை குறைக்கப் போய் உயிரையே விட்டார்கள். அதற்குப் பிறகுதான் அங்கே, 5 சதவீதக் கொழுப்புக்குக் கீழே போகிற மாதிரி எடைப்பிரிவைத் தேர்ந்தெடுக்கக் கூடாது என்று விதி வந்தது.

தங்கச்சி, வாலிபால் ஆடும் பெண்ணுக்கு 23 சாதாரணமான எண்தான். நீங்கள் எனக்குச் சொல்ல வேண்டியது வேறு: மாதவிடாய் ஒழுங்காக வருகிறதா? போன மாதம் குதித்த உயரம் இப்போதும் வருகிறதா? ராத்திரி நன்றாகத் தூங்குகிறீர்களா? முதல் கேள்விக்கு 'இல்லை' என்றால் இந்த வாரமே டாக்டரைப் பாருங்கள். பதில் எழுதுங்கள், காத்திருக்கிறேன்.