‘அயர்லாந்து’ என்று மட்டும் எழுதியிருந்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

அயர்லாந்திலிருந்து கப்பலேறிப் போன ஒரு முப்பாட்டனின் பிறந்த ஊரைக் கண்டுபிடிக்க வேண்டுமா? தயவுசெய்து முதலில் அயர்லாந்தில் தேடாதீர்கள். அவர் இறந்த ஊரில் தேடுங்கள். பாஸ்டனோ மெல்பர்னோ, அவர் கண்மூடிய இடத்தில் கிடக்கும் காகிதங்கள்தான் அவர் கண் திறந்த இடத்தைச் சொல்லும். இந்த வரிசையைத் தலைகீழாக்கி, ‘பாட்ரிக் மர்ஃபி, கார்க்’ என்ற இரண்டு துப்புகளோடு ஐரிஷ் பதிவேடுகளுக்குள் இறங்குகிறவர்களுக்கு பாட்ரிக் மர்ஃபிகளுக்குப் பஞ்சமே இருக்காது. அதில் தம்முடையவர் யார் என்பதுதான் தெரியாது.

கார்க் என்பது ஒரு கவுண்டி, நம் மாவட்டத்தைப் போல. அயர்லாந்துத் தீவில் அப்படி 32 உண்டு. அதற்குக் கீழே பங்குகள், அதாவது ஒரு தேவாலயத்தைச் சுற்றி அமைந்த ‘பாரிஷ்’ என்ற வட்டாரங்கள். அதற்கும் கீழே டவுன்லேண்டு என்ற நிலப்பிரிவு. பெயரில் டவுன் இருந்தாலும் சில வீடுகளும் வயல்களும் மேய்ச்சல் நிலமும் சேர்ந்த சிறு இடம்தான் அது. தீவு முழுவதும் அறுபதாயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஒரு குடும்பத்தை இன்னொன்றிலிருந்து பிரித்துக் காட்டுவது இந்தக் கடைசிப் பெயர். இதில் ஒரு குழப்பமும் உண்டு. அரசாங்கம் நிலக் கணக்குக்காக வைத்திருந்த பங்கின் எல்லை ஒன்று; கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கு எல்லை வேறொன்று. ஊர்ப்பெயர்களும் மாறின. பழைய கடிதத்தில் ‘கிங்ஸ் கவுண்டி’ என்று இருந்தால் இன்றைய வரைபடத்தில் ஆஃபலியைப் பார்க்க வேண்டும். ‘குயின்ஸ்டவுன்’ துறைமுகம் இன்று கோவ்.

அயர்லாந்தின் ஆவணங்கள் எல்லாம் எரிந்துவிட்டன என்று பலரும் கைவிரித்துவிடுவார்கள். பாதி உண்மை. 1922 ஏப்ரலில், பிரிட்டனோடு செய்துகொண்ட ஒப்பந்தத்தை ஏற்க மறுத்த படையினர் டப்ளினில் ஃபோர் கோர்ட்ஸ் என்ற நீதிமன்ற வளாகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். நாட்டின் பொது ஆவணக் காப்பகமும் அந்த வளாகத்தில்தான் இருந்தது. ஜூன் 28 அன்று புதிய அரசின் படை பீரங்கித் தாக்குதலைத் தொடங்கியது. 30ஆம் தேதி பெரும் வெடிப்பு, அதைத் தொடர்ந்து தீ. 1821, 1831, 1841, 1851 ஆகிய நான்கு மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளின் தாள்கள் சில துண்டுகள் நீங்கலாகச் சாம்பலாயின. நூற்றாண்டுக் கணக்கில் சேர்ந்த உயில்களும் போயின. அயர்லாந்து திருச்சபை என்ற ஆங்கிலிக்கன் சபையின் பதிவேடுகளில் பாதிக்கு மேல் போயின.

போரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை. 1861, 1871 கணக்கெடுப்புத் தாள்களை, கூட்டல் கழித்தல் முடிந்த கையோடு அரசாங்கமே அழித்தது. 1881, 1891 தாள்கள் முதல் உலகப் போர்க் காலத்தில் கூழாக்கப்பட்டன. அயர்லாந்து முழுவதும் பிரிட்டனின் கீழ் இருந்த காலத்துக் கணக்கெடுப்புகளில் முழுதாக நமக்குக் கிடைப்பவை 1901, 1911 ஆண்டுகளின் தாள்கள். எந்தப் புரட்சிக்காரனும் வருவதற்கு முன்பே அலுவலகங்கள் தம் பங்கைச் செய்து முடித்திருந்தன.

தப்பியவை கத்தோலிக்கப் பதிவேடுகள். அவற்றை அரசு ஆவணங்களாக யாரும் மதிக்கவில்லை, அதனால் டப்ளினுக்கு வரச்சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. பங்குத்தந்தையின் வீட்டு அலமாரியில் ஈரத்தோடும் பூச்சியோடும் கிடந்து பிழைத்தன. அயர்லாந்தின் தேசிய நூலகம் பின்னாளில் அவற்றை மைக்ரோஃபிலிமில் படமெடுத்தது. 1,086 பங்குகளின் அந்தப் படங்கள் 2015 ஜூலை முதல் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பெரும்பாலும் 1880 வரையிலான பதிவுகள். தொடக்கம்தான் இடத்துக்கு இடம் வேறுபடும். நகரப் பங்குகள் சிலவற்றில் 1700களின் நடுப்பகுதியிலேயே தொடங்கிவிடும். மேற்குக் கரையின் ஏழைப் பங்குகளில் 1820களுக்குப் பிறகு தொடங்கினாலே பெரிது. பிறப்பு, இறப்பு அனைத்தையும் அரசாங்கம் பதியத் தொடங்கியது 1864இல்தான். பெரும் பஞ்சம் 1845இல் தொடங்கியது. ஆகவே பஞ்சத்தில் கிளம்பிய பத்து லட்சத்துக்கு மேற்பட்டவர்களில் பெரும்பாலோருக்குப் பிறந்ததற்கான ஒரே சாட்சி கோயில் பதிவேட்டின் ஒரு வரி.

அந்த வரியில் என்ன இருக்கும்? திருமுழுக்கு, அதாவது ஞானஸ்நானம், நடந்த தேதி, குழந்தையின் பெயர், தந்தை பெயர், தாயின் பெயர் அவள் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயரோடு, திருமுழுக்கில் குழந்தைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தந்தை, ஞானத்தாய். சில பங்குகளில் டவுன்லேண்டின் பெயரும் உண்டு. சில தந்தையர் லத்தீனில் எழுதினார்கள். ஜேம்ஸைத் தேடுகிறவர் ‘யாகோபுஸ்’ என்ற பெயரையும் கண்ணில் வைத்துக்கொள்ள வேண்டும். ஓ, மாக் என்ற முன்னொட்டுகள் ஒரு பிள்ளைக்கு இருக்கும், அடுத்த பிள்ளைக்கு இருக்காது. எனக்குப் பிடித்தது ஞானப்பெற்றோர் பகுதிதான். அவர்கள் பெரும்பாலும் அத்தை, மாமன், பக்கத்து வீட்டுக்காரர். ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் இருக்கும்போது, தாயின் குடும்பப் பெயரும் இவர்களும்தான் வழக்கைத் தீர்த்துவைப்பார்கள்.

தேதிகளை மட்டும் வேதவாக்காக எடுத்துக்கொள்ள வேண்டாம். 1864க்குப் பிறகு, பிறப்பைத் தாமதமாகப் பதிந்தால் கட்டணம் கட்ட வேண்டியிருந்தது. எனவே பதிவாளரிடம் பிறந்த தேதியைச் சற்றுத் தள்ளிச் சொல்லிவிடுவார்கள். விளைவாக, பிறப்பதற்கு முன்பே திருமுழுக்குப் பெற்ற குழந்தைகள் அயர்லாந்தில் ஏராளம். கோயில் தேதியை நம்புங்கள்.

வயதும் அப்படித்தான். 1909 ஜனவரியில் எழுபது வயதானவர்களுக்கு அரசு ஓய்வூதியம் வந்தது. 1901க்கும் 1911க்கும் இடையே பத்து வயது மட்டும் கூடியவர்கள் அதிர்ஷ்டமில்லாதவர்கள் என்று சொல்லத் தோன்றும். பலருக்குப் பதினைந்து கூடியது. ஆனால் அந்த ஓய்வூதியம் நமக்கு ஒரு புதையலையும் விட்டுப்போயிருக்கிறது. பிறப்புச் சான்று இல்லாத முதியவர்கள், தம் பெற்றோர் பெயரையும் டவுன்லேண்டையும் சொல்லி, 1841, 1851 கணக்கெடுப்பில் தம்மைத் தேடிப் பார்க்கும்படி விண்ணப்பித்தார்கள். எழுத்தர் தேடிக் கண்டதை அந்தப் படிவத்திலேயே குறித்தார். கணக்கெடுப்பு எரிந்துபோனது, படிவங்கள் இருக்கின்றன. உங்கள் முப்பாட்டன் 1848இலேயே போயிருக்கலாம். ஊரிலேயே தங்கிவிட்ட அவருடைய தங்கை 1909இல் ஓய்வூதியம் கேட்டிருந்தால், எரிந்த தாளில் இருந்த மொத்தக் குடும்பமும் அங்கே வந்து நிற்கும்.

இறந்த ஊரில் தேடுவதற்கு வருகிறேன். அமெரிக்காவின் பழைய குடியுரிமைத் தாள்களில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் பெரும்பாலும் ‘அயர்லாந்து’ என்ற ஒரு சொல்தான் இருக்கும். அதைப் பார்த்துச் சோர்ந்துவிடாமல் கல்லறைக்குப் போங்கள். கவுண்டியையும் பங்கையும் கல்லிலேயே வெட்டி வைத்தவர்கள் பலர். பாஸ்டனின் பைலட் பத்திரிகையில் 1831 முதல் 1921 வரை, காணாமற்போன உறவினரைத் தேடி ஐரிஷ் மக்கள் விளம்பரம் கொடுத்தார்கள். ஊர், பங்கு, கப்பலேறிய ஆண்டு எல்லாம் அதில் வரும். 1850இல் நியூயார்க்கில் தொடங்கிய எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி, பணம் எடுக்க வருகிறவர் சரியான ஆள்தானா என்று சோதிப்பதற்காகப் பெற்றோர், உடன்பிறந்தோர், பிறந்த இடம் எல்லாவற்றையும் ஏட்டில் எழுதி வைத்தது. ஆஸ்திரேலியா போனவர்களின் வாரிசுகள் கொடுத்துவைத்தவர்கள். விக்டோரியாவின் இறப்புப் பதிவு 1853 முதலே பெற்றோர் பெயர், பிறந்த இடம், பிள்ளைகள் என்று விரிவாகக் கேட்டது. அண்ணன் பாஸ்டனுக்கும் தம்பி மெல்பர்னுக்கும் போயிருந்தால், அண்ணனின் ஊரைத் தம்பியின் சாவுச் சான்றில் தேடுவதே புத்திசாலித்தனம்.

பெயர் பொருந்திவிட்டது என்று முடிவு கட்டுவதன் ஆபத்துக்கு ஆனி மூரின் கதை போதும். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவு குடிவரவு நிலையத்தில் முதலாவதாக இறங்கியவர், இரண்டு தம்பிகளோடு கார்க்கிலிருந்து வந்த இந்தப் பெண். பிற்பாடு டெக்சஸ் போய் அங்கே இறந்தார் என்று பல ஆண்டுகள் நம்பப்பட்டது. டெக்சஸ் ஆனி மூர் இல்லினாயில் பிறந்தவர், வேறு ஆள் என்று 2006இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் காட்டினார். உண்மையான ஆனி நியூயார்க் நகரத்தை விட்டே போகவில்லை.

சரியாக முடிந்த தேடலும் உண்டு. பராக் ஒபாமாவின் தாய்வழியில் ஐந்து தலைமுறைக்கு முந்தைய ஃபல்மத் கியர்னி, 1850இல் நியூயார்க் வந்தவர், செருப்புத் தைப்பவரின் மகன். ஆஃபலி கவுண்டியின் மனிகால் பகுதியில் இருந்த அயர்லாந்து திருச்சபைப் போதகர் ஸ்டீபன் நீல், தம் சபையின் பழைய பதிவேடுகளில் 2007இல் கியர்னி குடும்பத்தைக் கண்டார். ஆங்கிலிக்கன் பதிவேடுதான், உள்ளூரிலேயே இருந்ததால் பிழைத்தது. 2011 மே மாதம் ஒபாமா மனிகால் மதுக்கடையில் கின்னஸ் பீர் குடித்ததை உலகமே பார்த்தது.

நம் ஊர்க் கத்தோலிக்கர்களுக்குப் பழக்கமான ஒரு விஷயம் இங்கே உதவும். 1908 ஈஸ்டர் முதல் நடைமுறைக்கு வந்த ரோமின் ஆணைப்படி, ஒருவர் எங்கே மணம் முடித்தாலும் அந்தத் தகவல் அவர் திருமுழுக்குப் பெற்ற பங்குக்குப் போக வேண்டும். எனவே 1880களில் அயர்லாந்தில் பிறந்தவருடைய வரியின் ஓரத்தில் அமெரிக்காவில் நடந்த திருமணம் குறிக்கப்பட்டிருக்கலாம். இணையப் படங்கள் 1880இல் நின்றுவிடுவதால் இதற்கு அந்தப் பங்குக்குக் கடிதம் எழுதியே ஆக வேண்டும்.

இந்தத் தேடல் சென்னைக்கும் வரும். கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியச் சிப்பாய்களில் ஐரிஷ்காரர்கள் கணிசமானவர்கள். மதராஸ் ஃபியுசிலியர்ஸ் என்ற கம்பெனிப் படைப்பிரிவே பின்னர் பிரிட்டிஷ் ராணுவத்தில் சேர்ந்து 1881இல் ராயல் டப்ளின் ஃபியுசிலியர்ஸின் முதல் பட்டாலியன் ஆனது. இங்கேயே மணம் முடித்துத் தங்கியவர்களின் வாரிசுகள் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களில் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நேயர் யாராவது கேட்டுக்கொண்டிருந்தால்: சென்னைத் திருமண, இறப்புப் பதிவுகளின் நகல்களும் கம்பெனியின் ஆள்சேர்ப்புப் பட்டியல்களும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கின்றன. பிரிட்டிஷ் ராணுவத்தில் ஓய்வூதியம் பெற்றவராக இருந்தால், லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் அவருடைய விடுவிப்புத் தாளைக் கேளுங்கள். ‘இந்தப் பங்கில், இந்த நகருக்கு அருகில், இந்தக் கவுண்டியில் பிறந்தவர்’ என்று அச்சிட்ட வாசகம் அதில் உண்டு. கோடிட்ட இடங்களை எழுத்தர் நிரப்பியிருப்பார். அந்தப் பங்கின் பெயர் கையில் வந்த பிறகு அயர்லாந்துப் பதிவேட்டைத் திறக்கலாம்.

நன்றி, வணக்கம்.