சாமியிடமும் பக்க எண் கேட்போம்

நடுவர் அவர்களே, மேடையில் இருப்போரே, எதிரே அமர்ந்திருக்கும் மலேசியச் சுங்கை சிப்புட் பெருமக்களே, பின்னால் மீ கோரேங் சாப்பாட்டு வரிசையில் நிற்போரே, வணக்கம்.

‘இன்றைய சமுதாயத்தில் சமயத்தின் பங்கை முதுகலை வரை படிப்பது பயனா, வீணா?’ பயன் என்பது எங்கள் அணி. எதிரணி அக்கா ஒரு வெடி போட்டுட்டுப் போனாங்க. “முனியாண்டி கோயில்ல சாமி வந்து குறி சொல்லும்போது, எம்.ஏ. படிச்ச பிள்ளை பக்கத்துல நின்னு, ‘ஐயா, இது எந்தப் புத்தகம், எத்தனாவது பக்கம்?’னு கேட்கும்” என்றார். நடுவரே சிரிச்சார், நான் பார்த்தேன்.

அக்கா, கேட்போம்! ஏன்னா நாளைக்கு நில அலுவலகம் அதைத்தான் கேட்கும்.

ஒரு தோட்டம். பேர் வேண்டாம், சொன்னா கமிட்டியில பாதிப் பேர் இங்கேயே எழுந்து நிப்பாங்க. ஒரு மாணவி ஆய்வுக்கு வருது. கையில ஒலிப்பதிவுக் கருவி, சம்மதப் படிவம். “கோயிலுக்கு எத்தனை வயசு ஐயா?”ன்னு கேட்குது. பூசாரி, “நூறு இருக்கும்மா.” செயலாளருக்குப் பொறுக்கல. “நூறா? எங்க தாத்தாவுக்கே நூறு. நூத்தம்பது போடும்மா.” பொருளாளர் கணக்குப் புத்தகத்தை மூடிட்டு, “நூத்தெண்பது.” தலைவர் வேட்டியை இறுக்கிக் கட்டினார். “இருநூறு. பெரிய எழுத்தா எழுதிக்க.” மீன் மார்க்கெட் ஏலம் தோத்துது போங்க! இன்னும் நாலு பேர் வந்திருந்தா, முனியாண்டி ராஜேந்திர சோழன் கப்பல்ல கடாரத்துல வந்து இறங்கியிருப்பார்.

அந்தப் பொண்ணு மெதுவா கேட்டுச்சு. “ஐயா, இது ரப்பர் தோட்டம்தானே? பக்கத்துக் கோலகங்சார்ல ரப்பர் கன்னு நட்டதே 1877ல. அப்ப இருநூறு வருசத்துக்கு முன்னால முனியாண்டி இங்க யாருக்குக் காவல்?”

தலைவர் சளைக்கல. “யானைக்கு!”

சிரிக்கிறீங்க. அந்த இருநூறு மனுவுல ஏறிப் போனா என்ன ஆகும் தெரியுமா? தோட்டம் கைமாறுது, தாமான்னு வீடமைப்புப் பகுதி வருது. கோயிலுக்குத் தனிப் பட்டா கிடையாது. எத்தனை தலைமுறை கும்பிட்டாலும் அந்தக் காரணத்தால மட்டும் நிலம் நமக்கு வராது. 1965 தேசிய நிலச் சட்டம், தனியார் நிலத்துக்குப் பிரிவு 341, அரசு நிலத்துக்குப் பிரிவு 48. அப்புறம் மிச்சம் இருக்கிறது பேச்சுவார்த்தைதான்: மாற்று நிலமா, இழப்பீடா, எத்தனை அடி. அந்த மேசையில ஒரு வருசம் பொய்னு ஆயிட்டா, பக்கத்துல இருக்கிற உண்மைக்கும் மரியாதை போச்சு.

முறையாப் படிச்ச பிள்ளை வருசத்தைக் கேட்காது. “பாட்டி, 1948 ஜூன் 16, எல்பில் தோட்டத்துத் துரையைச் சுட்ட அன்னிக்கு உங்களுக்கு என்ன வயசு? அப்ப கோயில் கூரை அத்தாப்பு ஓலையா, தகரமா?”ன்னு கேட்கும். மலாயாவுல கம்யூனிஸ்டுகளோட சண்டை நடந்த அவசரகாலத்துக்குத் தீ மூட்டின ஊரு இது. பாட்டிக்கு வருசம் மறக்கும், அந்த நாள் மறக்காது. கிடைச்ச பதிலைத் தோட்டத்துச் சம்பளப் புத்தகம், பழைய நில வரைபடம், சங்கப் பதிவிலாகா கடிதம் எல்லாத்தோடயும் ஒட்டிப் பார்க்கணும். ஒரு மணி நேரப் பேச்சை எழுத்துல இறக்கவே நாலஞ்சு மணி நேரம் ஆகும். தலைவரை மட்டும் பேட்டி எடுத்துட்டு ஓடி வந்தா ஆய்வு கெட்டது. வெளியில பொங்கல் வைக்கிற பெண்கள்கிட்டதான் பாதி வரலாறு கிடக்கு.

எதிரணித் தம்பி மேல்நாட்டுக் கோட்பாடுன்னு கேலி பண்ணார். பீட்டர் பெர்கர்னு ஒரு சமூகவியலாளர். நவீனம் வளர வளரச் சமயம் தேயும்னு 1960களில் சொன்னார், 1999ல அது தப்புன்னு அவரே எழுதினார். ஒரு தைப்பூசத்துக்குப் பத்துமலை முருகன் கோயில் கூட்டத்தை வந்து பார்த்திருந்தா முப்பது வருசம் மிச்சம்!

மணி அடிச்சிட்டாங்க, முடிக்கிறேன். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயம் இடிஞ்சுது. சனம் ஈப்போ, பினாங்கு, சிங்கப்பூர்னு போச்சு. அம்மனை லாரியில ஏத்தினப்போ பின்னாலேயே அழுதுகிட்டு நடந்தாங்களே, அந்த அம்மாக்களை யார் எழுதினாங்க? பெரட்டுக்கு, அதான் வேலைக்கு ஆள் கணக்கெடுக்கிற இடத்துக்கு, போகுமுன்ன விடியக்காலையில விளக்கேத்தின கை அது. பிள்ளைக்கு அம்மை போட்டப்போ வேப்பிலை அரைச்ச கை. கும்பாபிஷேகக் கல்வெட்டுல டத்தோ பட்டம் வாங்கினவர் பேர் இருக்கு. அந்த அம்மா பேர் எங்கய்யா? உங்க பேத்தி இதைப் படிக்கிறேன்னு வந்து நின்னா, ‘சோறு போடுமா’ன்னு கேட்காதீங்க. அவ எழுதப் போறது உங்க அம்மா பேரை. விண்ணப்பப் பாரத்துல கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. வணக்கம்.