சட்டம் போட்டால்தான் புகை குறையும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, வணக்கம்.

போக்குவரத்துப் புகையிலிருந்து கடலைக் காக்கப்போவது சட்டமா, மக்களின் மனமாற்றமா என்பது இன்றைய கேள்வி. எனக்கு முன்னால் பேசிய அம்மா, "ஒரு நாடு தன் கார்களுக்குச் சட்டம் போடுவது கடலில் கரைத்த பெருங்காயம், மக்கள் மனம் மாறினால் போதும்" என்றார். நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். ஆனால் இந்தப் பெருங்காய வாதம் ஏற்கெனவே ஒரு உச்ச நீதிமன்றத்தில் ஏறித் தோற்றுப்போன வாதம், நடுவர் அவர்களே.

புதிய கார்கள் விடும் கரியமில வாயுவைக் கட்டுப்படுத்த மாட்டோம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2003இல் கைவிரித்தது. கிழக்குக் கரையில் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலம் வழக்குக்குப் போனது. கார்ப் புகையால் உனக்கு என்ன நஷ்டம் என்ற கேள்வி வந்தபோது அந்த மாநிலம் கடலைத்தான் காட்டியது. கடல்மட்டம் ஏறி எங்கள் கரையை விழுங்குகிறது, அந்தக் கரையில் கணிசமான நிலம் அரசுக்குச் சொந்தம் என்றது. முகமையோ, நாங்கள் குறைத்தாலும் சீனாவும் இந்தியாவும் கூட்டிவிடுமே என்றது. 2007 ஏப்ரல் 2 அன்று ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. முழுப் பிரச்சினையும் ஒரே சட்டத்தில் தீராது என்பதற்காக ஒரு பங்கைக்கூடக் குறைக்காமல் இருக்கலாமா? கூடாது என்றார் தீர்ப்பை எழுதிய நீதிபதி ஜான் பால் ஸ்டீவன்ஸ். அந்நாட்டுப் போக்குவரத்தின் பங்கு மட்டுமே உலகக் கரியமில வாயுவில் 6 விழுக்காட்டுக்கு மேல் என்பதையும் தீர்ப்பு எடுத்துச் சொன்னது. அதற்கப்புறம்தான், 2010இல், கார்களுக்கு விதி வந்தது.

சரி, மனமாற்றத்துக்கு வருவோம். நாம் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறக்குறைய கால் பங்கைக் கடல் வாங்கிக்கொள்கிறது. அது நீரோடு சேர்ந்து அமிலமாகிறது. சிப்பியும் பவளமும் ஓடு கட்டத் தேவையான கார்பனேட் குறைகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில், ஓரிகன் மாநிலத்தில், 2007ஐ ஒட்டி ஒரு சிப்பிப் பொரிப்பகத்தில் குஞ்சுகள் கூட்டம் கூட்டமாகச் செத்தன. நோயாக இருக்கும் என்றுதான் முதலில் தேடினார்கள். கடைசியில் பார்த்தால், ஆழத்திலிருந்து மேலெழுந்து வந்த அமிலம் கூடிய நீர்! அந்த நீர் கடைசியாகக் காற்றைத் தொட்டது பல பத்தாண்டுகளுக்கு முன்னால். அன்றைய புகையையும் சுமந்துகொண்டு வந்திருந்தது. பொரிப்பகக்காரர் மனம் மாறிச் சைக்கிளில் போயிருந்தால் அந்தக் குஞ்சுகள் பிழைத்திருக்குமா அம்மா? இன்றைய புகையும் அப்படித்தான் கீழே போய்க்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவராக மனம் மாறும்வரை அது காத்திருக்காது.

இது எங்கோ நடக்கும் கதை இல்லை. நம் மன்னார் வளைகுடாவில் 2010இலும் 2016இலும் கடல் சூடேறிப் பவளப்பாறைகள் வெளுத்தன. அந்தச் சூட்டுக்குக் காரணமான புகையை நம் மீனவர்களின் படகுகளா விட்டன?

கப்பலை எடுத்துக்கொள்ளுங்கள். கடையில் செருப்பு வாங்கும்போது அது எந்த எரிபொருளில் ஓடிய கப்பலில் வந்தது என்று கேட்டு வாங்க யாரால் முடியும்? ஆனால் சர்வதேசக் கடல்சார் அமைப்பு விதி போட்டது. 2020 ஜனவரி 1 முதல் கப்பல் எரிபொருளில் கந்தக வரம்பு 3.5 விழுக்காட்டிலிருந்து 0.5க்கு இறங்கியது. கந்தகத்தைக் குறைத்தால் புவி வெப்பம் குறையாது, அது காற்று மாசுக்கான விதி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் விதி வந்ததும் உலகக் கப்பல் தொழிலே எரிபொருளை மாற்றியதா இல்லையா?

கப்பல்கள் விடும் கரியமில வாயுவுக்கும் அப்படியொரு விதி, வரம்பை மீறும் புகைக்குக் காசு கட்டவைக்கும் ஏற்பாட்டோடு சேர்த்து, 2025 ஏப்ரலில் அதே அமைப்பில் ஒப்புதல் பெற்றது. அக்டோபரில் அதை இறுதியாக ஏற்க லண்டனில் கூடியவர்கள் ஓராண்டு தள்ளிவைத்துவிட்டார்கள். அமெரிக்காவும் சவூதி அரேபியாவும் முன்னால் நின்று எதிர்த்தன. வெறும் பெருங்காயத்தைத் தடுக்க இவ்வளவு பாடுபடுவார்களா, நடுவர் அவர்களே?