அலுவலக வைஃபையும் என்ட்ரா ஐடியும்: கடவுச்சொல்லுக்குப் பதில் சான்றிதழ்

[திரையில்: அலுவலகச் சுவரில் ஒட்டப்பட்ட தாள், அதில் வைஃபை கடவுச்சொல்]

வணக்கம். ஓர் ஊழியர் வேலையை விட்டு விலகும் நாளில் அவருடைய மின்னஞ்சல் கணக்கை மூடிவிடுகிறோம். ஆனால் அலுவலகம் முழுவதற்கும் ஒரே வைஃபை கடவுச்சொல் இருக்குமானால், அவர் தெருவில் நின்றுகொண்டே நம் நெட்வொர்க்கில் நுழைய முடியும். ஒவ்வொருவரையும் தனித்தனியே அடையாளம் கண்டு அனுமதிப்பதற்காகத்தான் 2001இல் 802.1எக்ஸ் என்ற தரம் வந்தது.

[திரையில்: மடிக்கணினி, அக்சஸ் பாயின்ட், ரேடியஸ் சர்வர்]

இந்த ஏற்பாட்டில், வைஃபை அலையைப் பரப்பும் பெட்டியான அக்சஸ் பாயின்ட் எதையும் தானாக முடிவு செய்வதில்லை. மடிக்கணினி சொல்வதை, யாரை அனுமதிக்கலாம் என்று முடிவு செய்யும் ரேடியஸ் சர்வரிடம் கொண்டுசேர்த்து, அங்கிருந்து அனுமதி வரும்வரை வேறு எந்தத் தரவையும் உள்ளே விடாமல் காத்திருக்கிறது.

சிக்கல் இனிமேல்தான். என்ட்ரா ஐடி, அதாவது 2023 வரை அஷூர் ஏடி என்று அழைக்கப்பட்ட மைக்ரோசாஃப்டின் கிளவுட் அடையாளச் சேவை, தானாக ரேடியஸ் நெறிமுறையில் பேசுவதில்லை. அலுவலகத்திலேயே ஆக்டிவ் டைரக்டரி என்ற பயனர் கணக்கு சர்வர் இருந்த காலத்தில் பலரும் பயன்படுத்திய, கடவுச்சொல் வழியே வைஃபையில் நுழையும் பீப் முறை, எம்எஸ்-சாப் வி2 என்ற பழைய சரிபார்ப்பைச் சார்ந்தது. அந்தச் சரிபார்ப்பை என்ட்ரா ஐடி செய்து தருவதில்லை. எம்எஸ்-சாப் வி2இன் மறையாக்கம் உடைக்கக்கூடியது என்பதும் 2012லேயே வெளிப்படையாக நிரூபிக்கப்பட்டுவிட்டது.

இதற்கு மாற்றாக, கடவுச்சொல்லை டிடிஎல்எஸ் என்ற மறையாக்கப்பட்ட சுரங்கத்தின் வழியே ரேடியஸ் சர்வருக்கு அனுப்பி, அந்தச் சர்வர் என்ட்ரா ஐடியிடம் கேட்டுச் சரிபார்க்கும் வழியைச் சிலர் பரிந்துரைப்பார்கள். அது வேலை செய்யும். ஆயினும் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்றே நான் சொல்வேன். இரண்டாம் கட்டச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிய கணக்குகளுக்கு அது பொருந்தாது. அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு: யாரோ ஒருவர் அதே பெயரில் ஒரு போலி வைஃபையை நிறுவி, சர்வரின் சான்றிதழை, அதாவது அதன் டிஜிட்டல் அடையாள அட்டையை, சரிபார்க்காத ஒரு கைபேசி அதில் இணைந்துவிட்டால், அவர் கைக்குப் போவது வைஃபை கடவுச்சொல் மட்டுமல்ல, மின்னஞ்சலையும் கோப்புகளையும் திறக்கும் அதே கடவுச்சொல்.

[திரையில்: இன்டியூன் பக்கம், மூன்று புரொஃபைல்கள்]

ஆகவே என் பரிந்துரை, சான்றிதழ் வழியே நுழையும் இஏபி-டிஎல்எஸ் முறை. இதில் கடவுச்சொல்லே கிடையாது. சாதனத்துக்குச் சான்றிதழ் உண்டு, அதன் தனிச்சாவியை, அதாவது சான்றிதழ் தன்னுடையதே என்று நிரூபிக்க உதவும் ரகசியத்தை, மடிக்கணினியின் டிபிஎம் என்ற பாதுகாப்புச் சில்லுக்குள்ளேயே உருவாக்கி வைத்துக்கொள்ளலாம். மைக்ரோசாஃப்டின் சாதன மேலாண்மைச் சேவையான இன்டியூனில் மூலச் சான்றிதழ் (சான்றளிப்பு நிறுவனத்தின் சொந்தச் சான்றிதழ்), ஸ்கெப் சான்றிதழ் (சாதனம் தானே கேட்டுப் பெறும் சான்றிதழ்), வைஃபை ஆகிய மூன்று புரொஃபைல்களை, அதாவது அமைப்புத் தொகுப்புகளை, உருவாக்குங்கள். வைஃபை புரொஃபைல் மற்ற இரண்டையும் சார்ந்திருப்பதால் மூன்றையும் ஒரே குழுவுக்கே ஒதுக்குங்கள். வெவ்வேறு குழுக்களுக்கு ஒதுக்கிவிட்டுக் காரணம் புரியாமல் நாள்கணக்கில் தேடுவது இங்கே அடிக்கடி நடப்பது. வைஃபை புரொஃபைலில் ரேடியஸ் சர்வரின் பெயரையும் மூலச் சான்றிதழையும் தவறாமல் குறிப்பிடுங்கள். போலி வைஃபையைச் சாதனம் அடையாளம் கண்டு விலகுவது அந்த இரண்டு விவரங்களால்தான்.

[திரையில்: மூடப்பட்ட கணக்கு, இன்னும் செல்லுபடியாகும் சான்றிதழ்]

இப்போது தொடக்கத்தில் பார்த்த ஊழியரிடம் திரும்புவோம். என்ட்ரா ஐடியில் அவருடைய கணக்கை முடக்கினாலும், அவரிடம் உள்ள சான்றிதழ் அதன் காலம் முடியும்வரை செல்லும். ஆகையால் ரேடியஸ் சர்வர் சான்றிதழை மட்டும் பார்த்து அனுமதித்தால் போதாது. ரத்து செய்யப்பட்ட சான்றிதழ்களின் பட்டியலைப் பார்ப்பதோடு, ஒவ்வொரு இணைப்பின்போதும் அந்தப் பயனரோ சாதனமோ என்ட்ரா ஐடியில் இன்னும் செயலில் இருக்கிறதா என்று கேட்கும்படியும் அதை அமைக்க வேண்டும். கிளவுட் அடையாளச் சேவைக்கும் வைஃபைக்கும் உண்மையான தொடர்பு உண்டாவது இந்த இடத்தில்தான். ஏற்கெனவே இணைந்திருப்பவர் உடனே வெளியேற மாட்டார் என்பதால், சில மணி நேரத்துக்கு ஒருமுறை மறுசரிபார்ப்பு நடக்கும்படி கால வரம்பும் வையுங்கள்.

ரேடியஸ் சர்வரும் கிளவுடில் இருந்தால், அக்சஸ் பாயின்ட்டிலிருந்து அதுவரை உள்ள பாதை பொது இணையம். 2024 ஜூலையில் வெளியான பிளாஸ்ட்ரேடியஸ் குறைபாடு இஏபி வழியிலான வைஃபையை நேரடியாகத் தாக்கவில்லை என்றாலும், எம்டி5 என்ற பழைய ஹேஷ் முறையை நம்பியிருக்கும் பழைய ரேடியஸ் எவ்வளவு பலவீனமானது என்பதைக் காட்டியது. அந்தப் பாதைக்கு ரேடியஸ் செய்திகளை மறையாக்கப்பட்ட சுரங்கத்தில் அனுப்பும், டிசிபி 2083 போர்ட்டில் இயங்கும் ராட்செக்கைப் பயன்படுத்துங்கள்.

புதிய மடிக்கணினிக்குச் சான்றிதழ் கிடைக்க இணையம் வேண்டும்; அலுவலக வைஃபையில் சேரச் சான்றிதழ் வேண்டும். இதற்கு, உள் நெட்வொர்க்கைத் தொடாத தனி விருந்தினர் வைஃபை ஒன்று இருக்கட்டும். நீண்ட விடுப்பில் அலமாரியிலேயே கிடந்து சான்றிதழ் காலாவதியான மடிக்கணினிக்கும் அதுவே வழி.

[திரையில்: நாட்காட்டியில் வட்டமிடப்பட்ட ஒரு தேதி]

ரேடியஸ் சர்வரின் சொந்தச் சான்றிதழ் முடியும் தேதியையும் குறித்து வையுங்கள். அதை வேறொரு சான்றளிப்பு நிறுவனத்திடமிருந்து மாற்றுவதாக இருந்தால், புதிய மூலச் சான்றிதழ் எல்லாச் சாதனங்களுக்கும் போய்ச் சேர்ந்தபின், வைஃபை புரொஃபைலிலும் அது இடம்பெற்றுவிட்டதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். முந்திக்கொண்டால் மறுநாள் காலை ஒரு மடிக்கணினிகூட இணையாது.