இரண்டு பாட்டில் தண்ணீர்

(நெசவுக் கல்விக்காகத் தொடங்கப்படும் ஒரு அறக்கட்டளையின் முதல் கூட்டத்தில், திருபுவனத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

எல்லோருக்கும் வணக்கம். என் முன்னால் இரண்டு பாட்டில் இருப்பதைப் பார்த்து, "வாத்தியார் இன்றைக்கு நீளமாகப் பேசப்போகிறார்" என்று முன்வரிசையில் யாரோ முணுமுணுத்தது காதில் விழுந்தது. பயப்படாதீர்கள், இது குடிக்க இல்லை. ஒன்று காலையில் வீரசோழன் ஆற்றில் பிடித்தது. இன்னொன்று பக்கத்துத் தெருச் சாயப்பட்டறையின் போர் தண்ணீர். இரண்டிலும் ஒரே அளவு சோப்பைச் சீவிப் போட்டுக் குலுக்குகிறேன், பாருங்கள். ஆற்றுத் தண்ணீரில் நுரை நிற்கிறது. போர் தண்ணீரில் திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாக என்னவோ மிதக்கிறது.

இதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் கல்லூரிப் பேராசிரியர் இல்லை, ஒரு சாயக்காரப் பெரியவர். நான் அப்போது துணி வேதியியல் பாடம் எடுக்க வந்த புதுசு. "போர் தண்ணில வெந்த பட்டு சாயம் சரியா குடிக்காது சார்" என்றார். நான் சிரித்தேன். சோடாவின் அளவு கூடியிருக்கும், சூடு ஏறியிருக்கும் என்று அவருக்கே வகுப்பு எடுத்தேன். ஆற்றில் தண்ணீர் வராத ஒரு வைகாசியில், கல்யாண ஆர்டருக்குப் போட்ட அரக்குச் சாயம் கழி கழியாக, அதாவது நூல் கட்டுக் கட்டாக, திட்டுத் திட்டாக நின்றது. அவர் என்னைத் திட்டவில்லை. நனைந்த கழி ஒன்றை மேஜையில் வைத்துவிட்டுப் போனார். அவ்வளவுதான்.

விஷயம் இதுதான். கச்சாப் பட்டில் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு பசை. புழு தன் கூட்டை ஒட்டவைக்கச் சுரப்பது. சோப்புத் தண்ணீரில் வேகவைத்து அதை எடுத்தால்தான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் உள்ளே போகும். போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் கூடுதலாக இருந்தால் அவை சோப்பைப் பிடித்துக்கொண்டு, இதோ பாட்டிலில் மிதக்கிறதே, இந்தத் திரியலாக மாறிவிடும். அது நூலில் எங்கெங்கே ஒட்டுகிறதோ அங்கெல்லாம் சாயம் ஏறாது. கடினநீர் என்ற சொல்லை நான் பள்ளியிலேயே படித்துப் பரீட்சை எழுதியவன். ஒரு பட்டுக் கழியோடு அதைச் சேர்த்துப் பார்க்கத்தான் தோன்றவில்லை.

சரி, அறக்கட்டளைக்கு வருகிறேன். இந்த மாதிரி அமைப்பு உலகத்துக்குப் புதிது இல்லை. அமெரிக்காவில் வட கரோலினா பஞ்சாலைகளுக்குப் பெயர்போன மாநிலம். அங்கே 1942-ல் துணித்தொழிலில் இருந்தவர்கள் சேர்ந்து வட கரோலினா டெக்ஸ்டைல் ஃபவுண்டேஷன் என்று லாபநோக்கில்லாத நிதியம் ஒன்றைத் தொடங்கினார்கள். மாநிலப் பல்கலைக்கழகத்தின் துணிக் கல்லூரிக்குத் துணையாக நிற்பது அதன் வேலை. பிற்பாடு அந்த மாநிலத்து மில்கள் வரிசையாக மூடின, வேலை வெளிநாடுகளுக்குப் போனது. கல்லூரி மட்டும் மூடவில்லை. நெய்யாத துணி, அதாவது முகக்கவசமும் வடிகட்டியும் குழந்தைகளின் டயப்பரும் செய்கிற துணி, அதில் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார்கள். கம்பெனிகள் உறுப்பினர் சந்தா கட்டி அந்த ஆராய்ச்சியில் பங்கெடுக்கின்றன.

அவ்வளவு தூரம் போவானேன், கோயம்புத்தூரிலேயே 1956-ல் தொடங்கிய தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம் இருக்கிறது. சிட்ரா என்றால் எல்லோருக்கும் தெரியும். ஆலைகள் உறுப்பினராக இருந்து வளர்த்த இடம் அது. அங்கே நூலின் குறையை ஆலைக்காரரே கொண்டுபோய்க் காட்டலாம்.

நம் டெல்டாவில் அப்படி ஆலைக் கூட்டம் கிடையாது. இருப்பது குழித்தறியும் கூட்டுறவுச் சங்கமும். திருபுவனம் பட்டுச் சங்கம் தொடங்கியது 1955-ல், சிட்ராவுக்கு ஒரு வயது மூத்தது. திருபுவனம் பட்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. சந்தோஷம். ஆனால் குறியீடு பெயரைத்தான் காப்பாற்றும். சாயம் திட்டு விழுந்தால் அதற்கு ஒன்றும் செய்யாது.

பணம் எங்கிருந்து வரும் என்று கேட்கிறார்கள். 2013-ஆம் வருஷக் கம்பெனிச் சட்டத்தில் வழி இருக்கிறது. வருஷத்துக்கு 5 கோடி நிகர லாபம் பார்க்கிற கம்பெனியானாலே, கடந்த 3 வருஷ சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கல்வியும் மரபுக் கைவினையும் அந்தப் பட்டியலில் உண்டு. கேட்டால் கிடைக்கும். கிடைத்ததும் நாம் என்ன செய்வோம் என்பதில்தான் எனக்குக் கவலை. உதவித்தொகை விழா, பெரிய காசோலை அட்டை, போட்டோ. இது என் வயிற்றெரிச்சல், மன்னித்துவிடுங்கள். உதவித்தொகை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதோடு இன்னொன்றும் வேண்டும். பயிற்சி என்று நெசவாளியைக் கூப்பிட்டால் அன்றைக்குத் தறி நிற்கிறது. புடவைக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவருக்கு, தறி நின்ற நாளுக்குக் கூலி கிடையாது. மாணவனுக்கு உதவித்தொகை கொடுக்கிற அறக்கட்டளை, சொல்லிக்கொடுக்க வருகிற நெசவாளிக்கு அந்த நாள் கூலியைக் கொடுக்க வேண்டும். டீயும் சால்வையும் கூலி ஆகாது.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், கொள்ளிடத்துக்கு அந்தப் பக்கம் கோடாலிக் கருப்பூர் இருக்கிறது. சரிகை சேர்த்து நெய்த மெல்லிய பருத்தித் துணியில் மெழுகு தடவி, சாயம் தோய்த்து, கையால் எழுதி, தஞ்சை மராட்டிய அரண்மனைக்கு அங்கே புடவை செய்தார்கள். நெய்கிறவர், சாயக்காரர், எழுதுகிறவர் என்று பல கை சேர்ந்த வேலை. 1855-ல் அரசர் ஆண் வாரிசில்லாமல் இறந்து அந்த அரசு முடிந்தது. வாங்க ஆள் குறைய, வேலையும் தேய்ந்துபோனது. அந்தக் காலத்துப் புடவையைப் பார்க்க இன்றைக்கு மியூசியத்துக்குத்தான் போக வேண்டும். எத்தனை சாயக்காரர்கள் தண்ணீரைப் பற்றி என்னென்ன தெரிந்து வைத்திருந்தார்களோ, யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். என்னை மாதிரி வாத்தியார் கேட்டிருந்தாலும் சிரித்திருப்பார்.

பருத்தி பற்றியும் ஒரு வார்த்தை. திருவாரூர், நாகைப் பக்கம் சம்பா அறுத்த வயலில் தரிசுப் பருத்தி போடுகிறோம். ஏலத்தில் விற்றுவிட்டு, அது எந்த ஊர் மில்லில் என்ன நூலாகிறது என்று திரும்பிப் பார்ப்பதில்லை. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் வாழைத்தண்டு நார் வரைக்கும் வேலை செய்கிறது. விளைகிற இடமும் நெய்கிற இடமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்க, நடுவில் பேச்சுவார்த்தையே இல்லை. அது அடுத்த வருஷத்து வேலையாக இருக்கட்டும்.

இந்த வருஷம் அறக்கட்டளைக்கு ஒரே வேலை வைத்தால் போதும் என்று நிர்வாகிகளிடம் சொல்லியிருக்கிறேன். ஊரில் இருக்கிற ஒவ்வொரு சாயப்பட்டறைத் தண்ணீரையும் மாதாமாதம் சோதித்து, எந்தப் போர் எந்த மாதத்தில் எப்படி மாறுகிறது என்று ஒரு நோட்டில் எழுதுவது. பாலிடெக்னிக் பிள்ளைகள் சோதிப்பார்கள். அந்தந்த மாதம் சாயம் எப்படி ஏறியது என்பதைப் பட்டறைக்காரர் சொல்வார், பிள்ளைகள் பக்கத்திலேயே எழுதுவார்கள். சொல்கிறவர் பெயரும் நோட்டில் இருக்கும்.

அதனால் நாளைக் காலை ஆளுக்கு ஒரு பாட்டில் கொண்டுவாருங்கள். பாட்டிலின் மேலே, பட்டறை இருக்கிற தெரு, போர் எத்தனை அடி, இரண்டும் எழுதி ஒட்டுங்கள். சர்பத் பாட்டில் வேண்டாம் தம்பி. வேறு கிடைக்காவிட்டால் கொண்டுவாருங்கள், ஆனால் அதே போர் தண்ணீரில் மூன்று தடவை நன்றாக அலசிவிட்டுப் பிடியுங்கள்.